தொடர்வண்டி நின்ற நகரம்

மும்பை கடலுக்குள் நீண்டு கிடக்கும் குறுகிய நகரம். அலுவலகங்களும் வணிக நிறுவனங்களும் நெடுங்காலம் அதன் தென்முனையில் குவிந்திருந்தன. குடியிருப்புகளோ வடக்கு நோக்கி வளர்ந்தன. இவ்வளர்ச்சிக்குக் கொள்ளைநோய் ஒன்றும் காரணம் என்பது பலர் அறியாத செய்தி. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளே நோய்க்கு இடமளித்தன எனக் கருதிய அன்றைய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு அமைப்பு ஒன்றை நிறுவியது. தாதர், மாதுங்கா, சயான் ஆகிய பகுதிகளில் அகன்ற தெருக்களுடன் புதிய குடியிருப்புகள் அதன் திட்டத்தால் உருவாயின. பின்னாளில் தமிழர் பலர் குடியேறிய மாதுங்கா அவற்றுள் ஒன்று. வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்று அமைந்த வாழ்க்கைக்குப் புறநகர்த் தொடர்வண்டியே உயிர்நாடி ஆயிற்று.

கொரோனா பெருந்தொற்றுக்கு முன்பு இவ்வண்டிகளில் நாள்தோறும் ஏறத்தாழ 75 இலட்சம் பேர் பயணம் செய்தனர். காலையிலும் மாலையிலும் பெட்டிக்குள் கையை உயர்த்தவும் இடமிராது. மூச்சுக்காற்றின் வழியே பரவும் நோய்க்கு இதைவிட ஏற்ற இடம் அரிது. ஆகவே, 2020 மார்ச் 22 நள்ளிரவோடு வண்டிகள் நிறுத்தப்பட்டன. 1853இல் இந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி புறப்பட்ட நகரத்தில், தண்டவாளங்கள் ஓசையின்றிக் கிடந்தன.

வண்டியை நிறுத்த ஓர் ஆணை போதும். பயணத்தின் தேவையை எவ்வாறு நிறுத்துவது? செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் நோய் மிகுந்த நாள்களில்தான் கட்டாயம் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. முதலில் பேருந்துகள் அவர்களைச் சுமந்தன. ஜூன் 15 முதல் இன்றியமையாப் பணியாளர்களுக்கு மட்டும் தொடர்வண்டிகள் மீண்டும் ஓடின. அடையாள அட்டை உள்ளவரே நிலையத்திற்குள் நுழைய முடிந்தது. கடைகளும் தனியார் அலுவலகங்களும் ஒவ்வொன்றாகத் திறந்த பின்னரும் ஏனையோருக்கு அனுமதி இல்லை. கல்யாணிலிருந்து தென்மும்பைக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர். விரைவு வண்டியில் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடியும் அப்பயணம், நெரிசல் மிக்க சாலையில் அதனினும் பன்மடங்கு நீண்டது. சில நூறு ரூபாய் மாதச்சீட்டில் சென்றுவந்த கடைச் சிப்பந்திக்கு, வழிச்செலவே ஊதியத்தின் பெரும்பகுதியை விழுங்கியது.

அக்டோபர் 21 முதல் பெண்கள் அனைவரும் நெரிசல் இல்லாத நேரங்களில் பயணம் செய்யலாம் என அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 1 முதல் பொதுமக்களுக்கும் வழி திறந்தது. ஆனால் காலை 7 மணி வரை, நண்பகல் 12 முதல் 4 வரை, இரவு 9 மணிக்குப் பின் என்னும் வேளைகளில் மட்டுமே. கூட்டத்தைக் காலத்தால் பிரிக்கும் இம்முறை புதியதன்று. 1918இல் இன்புளுயன்சா பரவியபோது, நியூயார்க் நகரில் சுரங்கத் தொடர்வண்டிகளின் நெரிசலைக் குறைக்கக் கடைகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் வேலை நேரங்களே மாற்றியமைக்கப்பட்டன. மும்பையில் மாற்றப்பட்டது பயணியின் நேரம். பத்து மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும் வேலைக்கு ஒருவர் ஏழு மணிக்குமுன் வண்டியேறி, ஒன்பது மணிக்குப்பின் திரும்ப வேண்டும். நியூயார்க்கின் வழியே நேர்மையானது என்று தோன்றுகிறது.

இரண்டாம் அலையில் அவ்வாய்ப்பும் பறிபோயிற்று. இரு தவணைத் தடுப்பூசி செலுத்தி 14 நாள்கள் கடந்தவர்கள் 2021 ஆகஸ்ட் 15 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். இதற்கிடையில் பழக்கங்கள் மாறியிருந்தன. கணினியில் பணிபுரிவோர் பலர் வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டனர். கடன் பெற்று இருசக்கர வாகனம் வாங்கியவர், தவணை கட்டும் வரையேனும் அதை ஓட்டவே விரும்புவார். பெங்களூரு போன்ற நகரங்கள் மிதிவண்டிக்குத் தனித்தடம் அமைத்துப் பார்த்தன. வீட்டிலிருந்து செய்ய இயலாத வேலையும், சொந்த வாகனம் வாங்க இயலாத ஊதியமும் உடையோர், வாயில் திறந்ததும் முகக்கவசத்துடன் பழைய வண்டிக்கே திரும்பினர்.