விக்கெட் காப்பாளர்-துடுப்பாட்டக்காரர்

விக்கெட் காப்பாளர்-துடுப்பாட்டக்காரர் என்பவர் துடுப்பாட்டத்தில் விக்கெட்டைக் காப்பதுடன் ஓட்டக் குவிப்பிலும் சிறந்து விளங்குபவர் ஆவார். இவர்களின் துடுப்பாட்டத் திறனை ஒப்பிட, காப்பாளராக ஆடிய டெஸ்ட் போட்டிகளை மட்டும் கணக்கிடுதல் முறையாகும்.

இலங்கையின் குமார் சங்கக்கார 134 போட்டிகளில் 12,400 ஓட்டங்கள் (சராசரி 57.40) எடுத்தார். எனினும் காப்பாளராக ஆடிய 48 போட்டிகளில் அவரது சராசரி ஏறத்தாழ 40. ஏனைய 86 போட்டிகளில் ஏறத்தாழ 67. நாள் முழுதும் குனிந்தெழும் காப்பாளர் பணியின் சுமை இதற்கு ஒரு காரணமாகும்.

காப்பாளராகவே 53க்கு மேற்பட்ட சராசரி பெற்ற சிம்பாப்வேயின் அன்டி பிளவர் இவ்வகையில் சங்கக்காரவை விஞ்சுகிறார். ஆஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ட் தாம் ஆடிய 96 போட்டிகளிலும் காப்பாளராகவே இருந்து 47.60 சராசரியும் 17 சதங்களும் பெற்றார்.

இந்தியாவின் மகேந்திரசிங் தோனியின் சராசரி 38.09. அவர் 2013இல் சென்னையில் எடுத்த 224 ஓட்டங்கள், அதே நகரில் 1964இல் புதி குந்தரன் எடுத்த 192 ஓட்டங்களை விஞ்சி, இந்தியக் காப்பாளர் ஒருவரின் அதிகூடிய ஓட்டமாயிற்று.