கிரீன் டீயை எப்போது குடிப்பது? வாடிக்கையாளருக்கு நாம் என்ன சொல்வது?



நம் இனயம் கடற்கரையில் சாயா என்றால் இரண்டே வகைதான் இருந்தன. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கட்டன் சாயா, வீட்டிலிருப்பவர்களுக்குப் பால் சாயா. இன்று இனயத்திலிருந்து கருங்கல் வரை எந்த மளிகைக் கடையில் ஏறினாலும் கிரீன் டீ பாக்கெட் தொங்குகிறது. சரக்கு வந்த அளவுக்கு அதைப் பற்றிய விவரம் நம்மிடம் வந்து சேரவில்லை. அந்தக் குறையை நான் என் அனுபவத்திலேயே கண்டேன்.

என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், “அண்ணாச்சி, இதை எப்போ குடிக்கணும்னு கேக்காவ, என்ன சொல்ல?” என்று கேட்டார். கம்பெனி விற்பனைப் பிரதிநிதி எனக்குச் சொன்னதையே நானும் சொன்னேன்: “சாப்பிட்ட உடனே குடிக்கச் சொல்லும், கொழுப்பு கரையும்.” அவரிடம் வாங்கிய மீன் விற்கும் அம்மா ஒருவர், மூன்று வேளையும் சாப்பாடு முடிந்த கையோடு கிரீன் டீ குடித்து வந்திருக்கிறார். அவருக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் அந்த டீயோடுதான் விழுங்கியிருக்கிறார். மாதங்கள் போயும் ரத்தம் ஏறவில்லை. அங்கிருந்த நர்ஸ்தான், “சாப்பிட்டதும் என்ன குடிக்கிறீங்க?” என்று கேட்டு அதை நிறுத்தச் சொன்னாராம். டீ மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான் சொல்லிக் கொடுத்த நேரம் தவறான நேரம். அதன் பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கிரீன் டீ என்பது என்ன?

கிரீன் டீக்கென்று தனிச்செடி கிடையாது. நாம் விற்கும் கறுப்புத் தேயிலைத் தூளும் கிரீன் டீயும் ஒரே தேயிலைச் செடியின் இலைதான். பறித்த இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட வைத்துக் கறுக்கவிட்டு உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டி, கறுக்கும் வேலையை நிறுத்தி உலர்த்தினால் கிரீன் டீ. நம் நீலகிரியிலும் இது தயாராகிறது. குன்னூர்ச் செய்திகளில் ‘பச்சைத் தேயிலை விலை’ என்று வருவது தோட்டத்தில் பறித்த ஈர இலையின் விலை. அதைக் கிரீன் டீ விலை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இலை கறுக்காததால் கேட்டச்சின் என்னும் துவர்ப்புச் சத்துகள் கிரீன் டீயில் அதிகம் தங்குகின்றன. நன்மையென்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இவற்றைக் கொண்டே சொல்லப்படுகிறது. காப்பியில் உள்ள காஃபீன் இதிலும் உண்டு, அளவுதான் குறைவு.

நன்மை எந்த அளவுக்கு?

ஜப்பானின் மியாகி பகுதியில் 40,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 5 கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடையே இதயம், ரத்தக் குழாய் நோய்களால் ஏற்படும் மரணம் குறைவாக இருந்தது. புற்றுநோய் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இது குடிப்பவர்களைக் கவனித்து எழுதிய கணக்கு. டீதான் காப்பாற்றியது என்பதற்கு உறுதியான சான்று ஆகாது. உடல் எடை பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2012இல் வந்த மதிப்பீடு, எடை குறைவது மிகச் சொற்பம் என்றே சொல்லிற்று. ஆகவே சர்க்கரையும் பாலும் இல்லாமல் குடித்தால் நல்ல பானம் என்று சொல்லலாம். மருந்து என்று சொல்லக் கூடாது.

சாப்பாட்டோடு ஏன் கூடாது?

தேயிலையின் துவர்ப்புச் சத்து, உணவில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. முருங்கை இலை, பயறு, கேழ்வரகு போன்றவற்றிலுள்ள இரும்புக்கு இந்தத் தடை அதிகம். மீன், இறைச்சியிலுள்ள இரும்புக்குக் குறைவு. கடல் கொந்தளித்து மீன் கிடைக்காத நாட்களில் மரச்சீனியும் பயறுமே உணவாகும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. அந்த வீடுகளில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கறுப்புத் தேயிலையும் காப்பியும் இதே வேலையைச் செய்பவைதான்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை. நம் கடைக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் இந்தக் கணக்கில் அடங்குவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காப்பி வேண்டாம் என்று கூறியிருக்கிறது.

ஏற்ற நேரம்

காலை 8 மணிக்குப் பலகாரம் சாப்பிட்டவர் 10 மணிக்கு மேல் குடிக்கலாம். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டவர் 3 மணியிலிருந்து 5 மணிக்குள் குடிக்கலாம். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று கோப்பை போதும். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டலும் நெஞ்செரிச்சலும் வரும். இரவில் குடித்தால் காஃபீன் உறக்கத்தைக் கெடுக்கும். மேலே சொன்ன வழிகாட்டி, காஃபீன் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கும். பால் சாயாவும் காப்பியும் குடிப்பவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றினால் கசக்கும். இறக்கி வைத்து மூன்று, நான்கு நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, இரண்டு, மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழியலாம்.

இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். கிரீன் டீச் சத்தை மாத்திரையாக அடைத்து விற்பது வேறு சரக்கு. அதன் முக்கியச் சத்தை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக உட்கொண்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

கடையில் கவனிக்க வேண்டியவை

தேயிலை பக்கத்திலிருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். கருவாடு, பெருங்காயம், சோப்பு, ஊதுபத்தி இவற்றின் அருகே வைக்க வேண்டாம். கடற்காற்றின் ஈரம் பட்டால் சீக்கிரம் கெடும். பிரித்துச் சில்லறையாக விற்பவர்கள் இறுக மூடும் தகர டப்பாவில், வெயில் படாத தட்டில் வைக்கவும். நிறம் பழுப்பேறி மணம் போனால் பழைய சரக்கு என்று அறியலாம். விலை மலிவு என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்காமல், ஒரு மாதத்தில் ஓடும் அளவுக்கு வாங்கினால் போதும்.

‘சர்க்கரை நோய் தீரும்’, ‘புற்றுநோய் வராது’ என்று கடையில் அட்டை எழுதி மாட்டக் கூடாது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதற்குப் பதிலாக, ‘சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடவும், மாத்திரையோடு குடிக்க வேண்டாம்’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டுங்கள். அந்த மீன்கார அம்மாவை நானே போய்ப் பார்த்து, நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதும் அவர் அதே கடையில்தான் வாங்குகிறார், நாலு மணிக்குக் குடிக்கிறார். உறுப்பினர்கள் தங்கள் கடைப் பிள்ளைகளுக்கும் இந்த விவரத்தைச் சொல்லி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.