பந்தைப் பிடுங்காதீங்க... லீக்கில் சேருங்க!

வியாசர்பாடி பிள்ளைகள் காட்டும் வழி. பெற்றோர் பயத்துக்கு இதோ பதில்

சென்னை,

பரீட்சை நெருங்கினால் வீட்டில் முதலில் காணாமல் போவது எது தெரியுமா? பையன் உதைக்கிற பந்துதான்!

கட்டிலுக்கு அடியிலோ பரண் மேலோ பந்து போய்விடுகிறது. "முதல்ல மார்க் வாங்கு, அப்புறம் பந்து தாரேன்" என்கிறார் அப்பா. பையன் பந்தைத் தேடுவதில்லை. அம்மாவின் செல்போனைத் தேடி எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து விடுகிறான்.

சென்னை நகரில் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்து.

பந்தைப் பிடுங்குகிற அப்பாக்கள் வட சென்னைப் பக்கம் ஒரு நடை போய் வரலாம். பந்தைக் கையில் கொடுத்தே பிள்ளைகளை ஆளாக்கிய பேட்டை அங்கே இருக்கிறது.

"குட்டி பிரேசில்"

அந்தப் பேட்டைதான் வியாசர்பாடி. கால்பந்து ரசிகர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் "குட்டி பிரேசில்".

ஒரு காலத்தில் வியாசர்பாடி என்றாலே பத்திரிகையில் அடிதடி, வெட்டுக்குத்து செய்திதான் வரும். அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கினார்கள்.

1997-ம் ஆண்டு அங்கே குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாலையில் பந்தாட்டப் பயிற்சி, கூடவே பாடமும் சொல்லித் தருவது என்று ஏற்பாடு செய்தார்கள். பந்துக்கு ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் புத்தகத்தையும் தொட்டார்கள்.

அதே வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவர் தன்பால் கணேஷ். 2018-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஐ.எஸ்.எல். அரை இறுதி ஆட்டம். எதிரில் கோவா அணி. சென்னையின் எப்.சி. 3-0 என்று ஜெயித்தது. அந்த 3 கோல்களில் ஒன்று கணேஷ் போட்டது!

4 நாள் கழித்து பெங்களூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை அணி 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கி வந்தது. பேட்டைப் பையன் ஒருவனை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது.

இன்னொரு சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் அணியும் மோகன் பகான் அணியும் மோதின. அந்த ஊரில் அது ஆட்டம் இல்லை, யுத்தம்! ஒரே ஒரு கோல்தான் விழுந்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. கோலைப் போட்டவர் நந்தகுமார். பல வருஷமாக மோகன் பகானிடம் தோற்றே வந்த அணிக்கு அந்த ஒரு கோல் போன மானத்தைத் திருப்பிக் கொடுத்தது.

தெருவில் ஆடினால் போதாதா?

"எங்க பையன் தெருவிலேயே நல்லா ஆடுறானே, எதுக்கு லீக்கு கீக்கு எல்லாம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

தெரு ஆட்டம் நல்லதுதான். பந்தைக் காலில் ஒட்டவைக்கிற வித்தை தெருவில்தான் வரும். ஆனால் தெருவில் பந்துக்குச் சொந்தக்காரன் வைத்ததுதான் சட்டம். அவனுக்குக் கோபம் வந்தால் பந்தோடு வீட்டுக்குப் போய்விடுவான். ஆட்டம் குளோஸ்!

தெருவில் பெரிய பையன் ஆடுவான், சின்னவன் பந்து பொறுக்குவான். கார் வந்தால் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னல் உடைந்தால் ஓட வேண்டும்.

லீக் ஆட்டம் அப்படி இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, யாரோடு ஆட்டம் என்று முன்கூட்டியே அட்டவணை உண்டு. 13 வயதுக்கு உட்பட்டோர், 15 வயதுக்கு உட்பட்டோர் என்று வயது வாரியாகப் பிரிவு உண்டு. விசில் ஊத நடுவர் உண்டு. யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் முரட்டு ஆட்டம் ஆடினால் மஞ்சள் அட்டைதான். கலெக்டர் மகனும் ஆட்டோக்காரர் மகனும் அங்கே ஒரே வரிசை.

முக்கியமான சங்கதி ஒன்று. நாக்-அவுட் போட்டியில் ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். லீக்கில் இந்த ஞாயிற்றுக்கிழமை 5 கோல் வாங்கித் தோற்றாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஆட வேண்டும்!

தோற்றவன் அழுவான். ராத்திரி சாப்பிட மாட்டேன் என்பான். திங்கட்கிழமை பயிற்சிக்குப் போனால் கோச் பழைய கணக்கைப் பேசாமல் பந்தைத் தூக்கிப் போடுவார். "தோற்றால் ஒன்றும் குடி முழுகிப் போகாது, திரும்ப வரலாம்" என்று பிள்ளைக்கு உடம்பிலேயே பதிந்துவிடும்.

பரீட்சையில் மார்க் குறைந்தால் உயிரை விடத் துணிகிற பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் செய்தி படித்துப் பதறுகிறோம். தோற்கப் பழகுகிற இடம் ஒன்று பிள்ளைக்கு வேண்டாமா? லீக்கில் சேர்க்க ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

படிப்பு கெட்டுப்போகுமா?

பெற்றோரின் முதல் பயம் இதுதான்.

5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் நிலைமை என்ன? 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளை வைத்து அந்த நிறுவனம் 2019-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவு ஓடி ஆடுவதில்லை என்று தெரிந்தது. பெண் பிள்ளைகளில் இது 85 பேர்!

வாரம் 2 நாள் பயிற்சி, ஒரு நாள் ஆட்டம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் வாரத்துக்கு நாலரை மணி நேரம்தான். செல்போனில் போகிற நேரத்தை எண்ணிப் பார்த்தால் இது கால் தூசு.

ஓடி வியர்த்த பிள்ளை ராத்திரி படுத்தால் தூங்கிவிடும். நன்றாகத் தூங்கிய பிள்ளை வகுப்பில் தூங்காது. பரீட்சை வாரத்தில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம். அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

"கால் கீல் உடைஞ்சா?"

அம்மாக்களின் பயம் இது. பயத்தில் நியாயம் இருக்கிறது. கால்பந்தில் அடி படும். கணுக்கால் பிசகும், முட்டி சிராய்க்கும். சில நேரம் பெரிய காயமும் வரும்.

அதைக் குறைக்க வழி உண்டு. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தாலே பாதி ஆபத்து விலகும். இதற்கென்றே "11 பிளஸ்" என்று ஒரு பயிற்சி முறையை உலகக் கால்பந்து சம்மேளனமான பிபா வகுத்துத் தந்திருக்கிறது. சிறுவர்களுக்குத் தனி முறையும் உண்டு.

முழங்காலுக்குக் கீழே கட்டுகிற "ஷின் கார்டு" இல்லாமல் பிள்ளையை ஆட்டத்துக்கு அனுப்பக் கூடாது. ஆட்ட விதியிலேயே அது கட்டாயம்.

பந்தின் அளவும் முக்கியம். பெரியவர்கள் ஆடும் 5-ம் நம்பர் பந்து 410 கிராம் முதல் 450 கிராம் வரை எடை. அதை 7 வயதுப் பையன் உதைத்தால் கால்தான் வலிக்கும். 8 வயதுக்குக் கீழே 3-ம் நம்பர், 8 முதல் 12 வரை 4-ம் நம்பர், அதற்கு மேல் 5-ம் நம்பர் என்பது வழக்கம்.

தலையால் முட்டுவதிலும் உஷார் தேவை. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அமெரிக்க கால்பந்து சங்கம் 2015-ம் ஆண்டு தடை போட்டது. இங்கிலாந்து சங்கம் 2020-ம் ஆண்டு தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அதை நிறுத்தச் சொன்னது. நம் ஊர் கோச்சிடம் "தலையால முட்டச் சொல்றீங்களா சார்?" என்று தாராளமாகக் கேட்கலாம். தலையில் அடி பட்டு மயக்கம், வாந்தி என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது. நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

சித்திரை வெயிலில் காலை 8 மணிக்கு மேல் பயிற்சி வைக்கிற இடமும், தண்ணீர் குடிக்க விடாத கோச்சும் உதவாது.

பெண் பிள்ளைக்கும் உண்டு!

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க கால்பந்து?" என்று இழுக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டிகளுக்கு ஒரு தகவல்!

தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாட்டு அணி 2018-ம் ஆண்டு மணிப்பூரைத் தோற்கடித்து முதல் முறையாகப் பட்டம் வென்றது. 2023-ம் ஆண்டு மீண்டும் வென்றது. மதுரை சேது எப்.சி. பெண்கள் அணி 2019-ம் ஆண்டு இந்திய பெண்கள் லீக்கில் முதல் இடம் பிடித்தது.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகவும் சேர்ந்தார். பந்து விளையாடப் போன பெண் காக்கிச் சட்டையோடு வீட்டுக்கு வந்தால் எந்தப் பாட்டி வேண்டாம் என்பார்?

பெண் பிள்ளைகள் 12, 13 வயதில் ஆட்டத்தை விட்டுவிடுவதுதான் வழக்கம். உடை மாற்ற இடம், சுத்தமான கழிப்பறை, கூட ஒரு பெண் பயிற்சியாளர் இருந்தால் அவர்கள் நிற்பார்கள். சேர்க்கும்போது பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வேலை கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. என்ஜினீயரிங் கல்லூரிகளிலும் விளையாட்டுப் பிரிவில் இடம் உண்டு. ரெயில்வேயும் பாங்குகளும் கால்பந்து வீரர்களை வேலைக்கு எடுத்து அணி நடத்தி வந்தவைதான். பெரம்பூர் ஐ.சி.எப்., இந்தியன் பாங்கு அணிகளின் பெயர் சென்னை ரசிகர்களுக்கு மனப்பாடம்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். லீக்கில் ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரிய வீரர் ஆகப்போவதில்லை. ஆயிரத்தில் ஒருவர்தான் தன்பால் கணேஷ் ஆவார். வேலைக்காக மட்டும் சேர்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மற்ற 999 பேருக்கும் உடம்பு, நட்பு, தோல்வியைத் தாங்கும் தைரியம் மூன்றும் லாபம். அதை யாரும் பறிக்க முடியாது.

சேர்க்கும் முன் கேளுங்கள்!

லீக் என்று போர்டு மாட்டிய இடம் எல்லாம் லீக் அல்ல. பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் விசாரிக்க வேண்டியவை:

* கோச்சுக்கு லைசென்ஸ் இருக்கிறதா? ஆரம்ப நிலைக்கு "டி" லைசென்ஸ் இருக்கிறது.

* அணி, கால்பந்து சங்கத்தில் பதிவு ஆனதா?

* முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? அடி பட்டால் எந்த ஆஸ்பத்திரி?

* எல்லாப் பிள்ளைகளையும் ஆட விடுகிறார்களா? வருஷம் முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன பயன்?

* பயிற்சியைப் பெற்றோர் நின்று பார்க்க விடுகிறார்களா? விடாத இடத்தில் பிள்ளையை விடக் கூடாது.

வயதைக் குறைத்துக் காட்டுகிற வேலையே வேண்டாம். எலும்பை எக்ஸ்-ரே எடுத்தே வயதைக் கண்டுபிடிக்கும் முறை வந்தாகிவிட்டது. மாட்டிக்கொண்டால் பிள்ளையின் பேர்தான் கெடும்.

காசு இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தங்கிப் படித்துக்கொண்டே ஆடலாம். அதன் அலுவலகம் பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் இருக்கிறது. போய் விசாரித்தால் விவரம் கிடைக்கும். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 4 வயது முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கென்றே "புளூ கப்ஸ்", அதாவது நீலக் குட்டிகள், என்று தனித் திட்டம் வைத்திருக்கிறது.

கோட்டுக்கு வெளியே நில்லுங்க!

கடைசியாக அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்.

பிள்ளை உள்ளே ஆடும்போது வெளியே நின்று "அடிடா! மிதிடா! ரெப்ரீ கண்ணு தெரியலையா?" என்று கத்துகிற அப்பாதான் லீக்குக்குப் பிடித்த சனி. பிள்ளைக்கு அவமானம். கோச்சுக்குத் தலைவலி.

கை தட்டினால் போதும். ஜெயித்தாலும் தோற்றாலும் திரும்பும் வழியில் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்து, "ஆட்டம் நல்லா இருந்துச்சாடா?" என்று மட்டும் கேட்டால் போதும்.

பள்ளிக்கூடம் விட்டதும் இன்று மாலையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மைதானம் வரை போய் விசாரிக்கலாம். பரணில் கிடக்கும் பந்துக்குக் காற்று அடித்து வைக்க மறந்துவிடாதீர்கள்!