பவர் பத்திரம் எதுவரை செல்லும்?

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. கணவர் கோமாவில் கிடக்கிறார். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து அவர் பெயரில் இருக்கிறது. அதை விற்று வைத்தியமும் குடும்பமும் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவருக்கோ நினைவில்லை. தன்னைக் காப்பாளராக நியமிக்கக் கேட்ட மனைவியைத் தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அதை மாற்றி, அவரையே காப்பாளராக்கி, விற்கவும் அனுமதித்தது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் டெபாசிட் போட வேண்டும், வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை.

கட்டிய மனைவி இதற்கு ஏன் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும்? கோமாவில் இருப்பவரின் சொத்தை யார் பார்ப்பது என்று சொல்ல நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டம் மைனர்களுக்கானது. 1987-ம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் சொத்து நிர்வாகத்துக்கு ஓர் அத்தியாயம் இருந்தது. 2017-ல் வந்த புதுச் சட்டம் அதை விட்டுவிட்டது.

“பவர் எழுதி வாங்கியிருக்கோமே” என்று நிம்மதியாக இருக்கும் பிள்ளைகள் ஏராளம். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201-ஐ அவர்கள் அவசியம் படிக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் மட்டுமல்ல, சித்த சுவாதீனம் இழந்தாலும் ஏஜென்ட்டின் அதிகாரம் முடிந்துவிடும். பக்கவாதத்தில் கை விழுந்து, புத்தி தெளிவாக இருந்தால் பவர் செல்லும். மறதி நோய் முற்றி, பெற்ற மகனையே அடையாளம் தெரியாத நிலையில் செல்லாது. எதற்காக எழுதி வாங்கினார்களோ, அந்த நேரத்தில் அது கைகொடுக்காது. இங்கிலாந்தும் சிங்கப்பூரும் நினைவு தப்பிய பிறகும் செல்லுபடியாகும் பவருக்குச் சட்டம் போட்டுப் பல வருடங்களாகின்றன. இங்கே இன்னும் வராதது பெரிய குறை.

வங்கியில் நாமினி போட்டிருப்பதும் உதவாது. நாமினிக்குப் பணம் கிடைப்பது கணக்குதாரர் இறந்த பிறகுதான். படுத்த படுக்கையாக இருந்தாலும் நினைவு இருந்தால் வழி உண்டு. கை ரேகையோ, கால் விரல் ரேகையோ பதித்துப் பணம் எடுக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. சாட்சிகள் இருவர் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. நினைவே இல்லையென்றால்? ‘ஐதர் ஆர் சர்வைவர்’ முறையில் முன்கூட்டியே கூட்டுக் கணக்கு வைத்திருந்த தம்பதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் வரும்.

சிகிச்சை விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மேல். குணமாக வழியே இல்லாத நோயின் கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டாமென்று முன்பே எழுதிவைக்க 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்ற அன்றைய விதி பலரை மலைக்க வைத்தது. 2023 ஜனவரியில் அது தளர்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரும் போதும். தன் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயர்களையும் அதில் எழுத வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். நகலை அவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுத்துவைப்பது முக்கியம். பீரோவில் பூட்டிவைத்தால், நள்ளிரவில் ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் கேட்கும்போது எடுத்துக் காட்ட ஆள் இருக்காது.