பல்கலைக்கழகங்களில் சூழல்நேயத் தலைமைத்துவம்

சூழல்நேயத் தலைமைத்துவம் என்பது தலைமைப் பொறுப்பில் இருப்போர் தமது நடத்தையாலும் முடிவுகளாலும் பணியாளர்களிடையே சுற்றுச்சூழலுக்கு ஏற்ற பழக்கங்களை வளர்க்கும் முறை ஆகும். பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர், விடுதிக் காப்பாளர் ஆகியோரிடம் இப்பொறுப்பு உள்ளது. ஆளில்லா அறையில் மின்விசிறியை நிறுத்துதல், தாளின் இருபுறமும் அச்சிடுதல், குப்பையைத் தரம் பிரித்தல் முதலியன இத்தகைய பழக்கங்களாகும்.

கோட்பாடு

பெர்னார்ட் பாஸ் 1985 இல் விரிவாக்கிய உருமாற்றத் தலைமைத்துவக் கோட்பாடு இதன் அடிப்படையாகும். ஜெனிபர் ராபர்ட்சன், ஜூலியன் பார்லிங் ஆகியோர் 2013 இல் வெளியிட்ட ஆய்வில் இதனைச் சூழல் நடத்தைக்குப் பொருத்தினர். இதன் நான்கு கூறுகள் வருமாறு:

* முன்மாதிரி - பிறரிடம் எதிர்பார்ப்பதைத் தலைவர் தாமே முதலில் செய்தல்
* ஊக்கமூட்டல் - பழக்கத்தின் நோக்கத்தை உணர்த்துதல்
* சிந்தனையைத் தூண்டல் - பழைய வழக்கங்களை மறு ஆய்வு செய்ய இடமளித்தல்
* தனிக்கவனம் - ஒவ்வொரு பணியாளரின் இடர்ப்பாட்டையும் கேட்டறிதல்

காந்திகிராமம்

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் அமைந்துள்ளது. காந்தியடிகளின் வழிவந்த மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் இதனை 1947 இல் தொடங்கினர். இங்கு 1956 இல் உருவான கிராமிய உயர்கல்வி நிறுவனம், 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

காந்தியடிகள் 1937 இல் முன்வைத்த ஆதாரக் கல்வி இந்நிறுவனத்தின் வேர் ஆகும். அக்கல்வியில் உடலுழைப்பும் துப்புரவும் கடைநிலை ஊழியரின் வேலையாக ஒதுக்கப்படுவதில்லை. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்வன. நிறுவனர்கள் கதர் உடுத்தியே கதரைப் பரப்பினர். சுற்றுச்சூழல் என்ற பெயரில் அவர்கள் இதைச் செய்யவில்லை எனினும், குறைந்த நுகர்வு, உள்ளூர்ப் பொருள், தன் கழிவைத் தானே அகற்றல் ஆகியவை இன்றைய சூழல்நேய நடத்தையின் கூறுகளே.

விதிமுறைகள்

1990 இல் பிரான்சின் தல்வார் நகரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் சூழல் பொறுப்பு குறித்துச் சாற்றுரை வெளியிட்டனர். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது.

சிக்கல்கள்

* முரண்பாடு: மின்சாரத்தைச் சேமிக்கச் சுற்றறிக்கை அனுப்பும் அலுவலரின் அறையிலேயே குளிர்சாதனம் வீணாக இயங்கினால் சுற்றறிக்கை மதிப்பிழக்கும்.
* வசதியின்மை: தனித்தனிக் குப்பைத்தொட்டிகள் இல்லாத இடத்தில் தரம் பிரிக்குமாறு அறிவுறுத்துவது பயனற்றது. வளாகம் முழுமைக்கும் ஒரே மின்னளவி இருப்பின், தான் செலவிடும் மின்சாரம் எவ்வளவு என்பதை எந்தத் துறையும் அறிய இயலாது.
* சுமை மாற்றம்: பேராசிரியர்கள் பிரிக்காத குப்பையைத் துப்புரவுப் பணியாளர்களே கையால் பிரிக்க நேரிடும். எனவே திட்டமிடும் குழுவில் அவர்களும் இடம்பெறுதல் இன்றியமையாதது.
* தொடர்ச்சியின்மை: தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் பொதுவாக 3 ஆண்டுகள். ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பிய பழக்கம் அவருடன் மறையக்கூடும். கொள்முதல் விதிகளிலும் துறைகளின் அன்றாட நடைமுறையிலும் இடம்பெற்ற பழக்கமே அடுத்தவர் காலத்திலும் நிலைக்கும்.