குழாய்த் தண்ணீர் ரிவர்ஸில் போகுமா? சேலம், நாமக்கல்லில் ஹோட்டல் முதல் கோழிப்பண்ணை வரை கவனிக்க வேண்டிய ‘பேக்ஃப்ளோ’!

தெருக்குழாயில் இருந்து கட்டிடத்துக்குள் தண்ணீர் வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கட்டிடத்துக்குள் இருக்கும் தண்ணீர் சில நேரங்களில் திரும்பவும் தெருக்குழாய்க்கே போய்விடும். வெறும் தண்ணீராகப் போனால் பரவாயில்லை. வாளியில் கரைத்து வைத்த சோப்பு, டிரம்மில் இருக்கும் சாயம், மருந்து என எது கிடைத்தாலும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அடுத்த முறை தண்ணி விடும்போது அது பக்கத்து வீட்டுக் குடத்தில் வந்து விழும்.

இதைத்தான் ‘பேக்ஃப்ளோ’ என்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் ஹோட்டல், மருத்துவமனை, தொழிற்சாலைகளில் இதைத் தடுக்கும் கருவியை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து சான்று காட்ட வேண்டும். நம்ம ஊரில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் பேக்ஃப்ளோ நடக்க வாய்ப்பு அதிகம் இருப்பது இங்கேதான்.

ஏன் பின்னோக்கிப் போகிறது?

வண்டி டேங்கில் டியூப் விட்டு, வாயால் ஒரு இழுப்பு இழுத்து பெட்ரோல் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் மறுமுனையில் இருப்பதை அது உறிஞ்சும்.

24 மணி நேரமும் தண்ணீர் ஓடும் ஊரில் குழாய் எப்போதும் நிறைந்து, அழுத்தத்தோடு இருக்கும். எங்காவது மெயின் பைப் உடைந்தால், தீயணைப்பு வண்டி நிறைய தண்ணீர் எடுத்தால்தான் அங்கே சிக்கல். சேலம், நாமக்கல் பக்கம் அப்படி இல்லை. காவிரித் தண்ணீர் முறை வைத்துத்தான் விடப்படுகிறது. விட்டு நிறுத்திய ஒவ்வொரு முறையும் குழாய் காலியாகிறது. காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உருவாகிறது. அதாவது, வெளிநாட்டில் விபத்து நடந்தால் வரும் நிலை, இங்கே தண்ணீர் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் வருகிறது.

இதோடு மோட்டாரும் சேர்ந்துகொள்கிறது. குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சக்கூடாது. உள்ளாட்சி அதிகாரிகள் பறிமுதல் செய்கிறார்கள், இணைப்பையும் துண்டிக்கிறார்கள். ஆனாலும் பலர் நிறுத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்காது என்பது மட்டும் இதில் பிரச்னை இல்லை. மோட்டார் இழுக்கும் இழுப்பில், சாக்கடை ஓரமாகப் போகும் பைப்பில் எங்காவது விரிசல் இருந்தால் கழிவுநீரும் உள்ளே வந்துவிடும். மோட்டார் வைத்தவர் ஒரு வீட்டில், வயிற்றுப்போக்கு இன்னொரு வீட்டில்.

எங்கெல்லாம் ஆபத்து?

லாரி வாட்டர் சர்வீஸ் கடையில் ஹோஸ் பைப்பை சோப்புத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயத் தொட்டிக்குள் குழாய் முழுகிக் கிடக்கலாம். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் வைட்டமின், மருந்து, தடுப்பூசியெல்லாம் குடிதண்ணீரில் கலந்துதான் கொடுக்கிறார்கள். அந்தக் கலக்கும் தொட்டிக்கு வரும் லைனும் பண்ணை வீட்டின் குடிநீர் லைனும் ஒன்றாக இருந்தால், கோழிக்குப் போக வேண்டியது மனுஷனுக்கும் வரும்.

ஆனால் அதிகம் கவனிக்கப்படாதது வேறு. ஹோட்டல், லாட்ஜ், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் இரண்டு லைன் இருக்கும். ஒன்று ஆத்துத் தண்ணி, இன்னொன்று போர் தண்ணி. காவிரித் தண்ணீர் வராத நாளில் சமாளிக்க, இரண்டையும் ஒரு பைப்பால் இணைத்து நடுவில் ஒரு கேட் வால்வு வைத்துவிடுவார்கள். யாராவது அந்த வால்வை மூட மறந்தால்? அல்லது மூடியும் அது கசிந்தால்? மேல்நிலைத் தொட்டியின் உயரத்தால் வரும் அழுத்தத்தில் போர் தண்ணீர் தெருவுக்கே போகும்.

ஒரே ஒரு வால்வு

‘ஒரு வால்வுதானே’ என்பவர்கள் பின்லாந்தில் உள்ள நோக்கியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். செல்போன் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த அதே ஊர்தான். 2007 நவம்பர் கடைசியில், அங்கிருந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர் லைனையும் கழிவுநீர் லைனையும் இணைத்த பைப்பில் வால்வு திறந்தே இருந்துவிட்டது. 4 லட்சம் லிட்டருக்கும் மேல் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. 8,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள் என்று கணக்கிடப்பட்டது.

1933ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அடுத்தடுத்து இருந்த இரண்டு ஹோட்டல்களின் பழைய பைப் இணைப்புகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. அமீபா சீதபேதி வந்து 98 பேர் இறந்தார்கள். அறிகுறி தெரிய சில வாரம் ஆகும் என்பதால், விருந்தினர்கள் அவரவர் ஊருக்குப் போன பிறகுதான் படுத்தார்கள். அதனால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே தாமதமானது.

தடுப்பது எப்படி?

இருப்பதிலேயே நல்ல வழிக்கு வால்வே தேவையில்லை. குழாயின் வாய்க்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் நடுவே காற்று இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான். பைப்பின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது ஒரு அங்குலம். சம்ப்பில் விழும் தண்ணீர் இப்படி மேலிருந்து விழுந்தால் திரும்பிப் போக வழியே இல்லை. ஆனால் சத்தம் வருகிறது என்று பைப்பை சம்ப்பின் அடிவரை நீட்டி விடுபவர்கள் உண்டு. அங்கே பாதுகாப்பு போய்விடும்.

அடுத்தது என்ஆர்வி எனப்படும் ஒருவழி வால்வு. ஹார்டுவேர் கடையில் கிடைப்பதுதான். மாட்டினால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. உள்ளே ஒரு மணல் துணுக்கு சிக்கினாலோ ரப்பர் இறுகிப்போனாலோ வால்வு முழுசாக மூடாது. இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரில் உப்புப் படிந்தாலும் அப்படித்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வெளிநாடுகளில் ஆண்டுதோறும் டெஸ்ட் செய்வது இதற்காகத்தான். ஆபத்து அதிகமுள்ள இடங்களில் இரண்டு ஒருவழி வால்வும், நடுவில் தண்ணீரை வெளியே கொட்டிவிடும் இன்னொரு வால்வும் கொண்ட கருவி வைக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் வந்து அழுத்தமானியை மாட்டி, ஒவ்வொரு வால்வும் பிடிக்கிறதா என்று பார்ப்பார். அழுத்த வித்தியாசம் 2 பிஎஸ்ஐக்குக் கீழே போவதற்குள் நடு வால்வு திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் ஃபெயில்.

2016ம் ஆண்டின் தேசிய கட்டிட விதித்தொகுப்பில் 9வது பகுதி பிளம்பிங் பற்றியது. குடிநீர் லைனில் பேக்ஃப்ளோவைத் தடுக்க வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. கட்டி முடித்த பிறகு வருஷா வருஷம் யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

அழுத்தமானி இல்லாமலும் ஓரளவு பார்க்கலாம். தெருவில் தண்ணீர் விடாத நேரத்தில், மீட்டருக்கும் என்ஆர்விக்கும் நடுவில் உள்ள குழாயைத் திறந்துவிடுங்கள். பைப்பில் தங்கியிருந்தது கொஞ்சம் வரும், பிறகு நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் அது கட்டிடத்துக்குள் இருந்து திரும்பி வரும் தண்ணீர். பிளம்பரைக் கூப்பிட்டு வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே, அந்த இரண்டு லைன் இணைப்பையும் எடுத்துவிட்டு போர் தண்ணிக்குத் தனி டேங்க் வைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.