கொம்பில் தொங்குது பச்சை ஜாங்கிரி!

மரமேறுகிற பாம்பு என்றாலே நம்ம ஊரில் கதை ரெடியாக இருக்கும். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, ஆள் நிஜமாகவே எரிகிறானா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். (பாவம், அதற்கு வேறு ஜோலியே இல்லை பாருங்கள்!) இரண்டுமே சுத்தக் கப்ஸா. கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. பச்சைப் பாம்புக்கு இருப்பதும் ஓணான், தவளையைச் சமாளிக்கிற அளவுக்கு லேசான விஷம்தான்.

இந்தக் கதைகளைக் கேட்டு, வேப்பமரத்தடியில் கூட அண்ணாந்து பார்த்தபடியே நடந்து வளர்ந்தவன் நான். அப்பேர்ப்பட்டவனுக்கு, வீட்டுக்குள்ளேயே மரப் பாம்பு வளர்க்கிற ஒரு ஆசாமி சிநேகிதராக வாய்த்தார் என்றால், அதை என்னவென்று சொல்வது!

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் வேண்டாம், 'துரை' என்றே வைத்துக்கொள்வோம். அதிர்ந்து பேசமாட்டார். மத்தியானம் சாண்ட்விச், சாயந்திரம் அஞ்சு மணிக்கு டாண் என்று வீடு. 'இந்த மனுஷனுக்குப் பொழுதுபோக்கே கிடையாதா?' என்று நான் பரிதாபப்பட்டதுண்டு. ஒருநாள் வீட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி, உள்ளே குறுக்கே ஒரு கொம்பு, அதன்மேல் சுருட்டி வைத்தது போல ஒரு பச்சை ஜாங்கிரி! ஜாங்கிரியின் நடுவில் ஒரு தலை.

"கடிக்குமா துரை?" என்றேன்.

"விஷம் கிடையாது" என்றார். நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதைக் கவனிக்க!

ஜாதகம் பார்ப்போமா?

ஜாங்கிரியின் பெயர் மரகத மர போவா. சொந்த ஊர் தென் அமெரிக்கா. கயானா, சுரினாம், பிரேஸில் பக்கத்து மழைக்காடுகள். ஐந்து, ஆறு அடி வளரும். 1758-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த லத்தீன் பெயரில் 'கனைனஸ்' என்று ஒரு வார்த்தை வரும். நாய் சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். வாயைத் திறந்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். முன்பல் அவ்வளவு நீளம்! விஷமில்லாத பாம்புகளில் இவ்வளவு பெரிய பல் அபூர்வம். கொம்பில் தொங்கிக்கொண்டே எலியைக் கவ்வுகிற பிராணி, பிடி நழுவினால் அன்றைக்குப் பட்டினியாயிற்றே. அமேஸான் படுகையில் இருக்கிற பச்சைக்காரரை 2009-ல் ஆராய்ச்சியாளர்கள் தனி இனம் என்று பிரித்து விட்டார்கள்.

இது முட்டையிடாது. குட்டி போடும். குட்டிகள் பச்சையாக இருக்காது, செங்கல் சிவப்பு, ஆரஞ்சு என்று வரும். ஒரு வருஷம் போலக் கழிந்துதான் மெல்ல மெல்லப் பச்சைக்கு மாறும். கடல் தாண்டி நியூகினித் தீவில் அச்சு அசலாக இதே மாதிரி பச்சை மலைப்பாம்பு ஒன்று உண்டு. அதுவும் இப்படியே கொம்பில் சுருண்டு கிடக்கும். ஆனால், அது முட்டையிடுகிற வேறு வம்சம். ஒரே மாதிரி வாழ்க்கை, ஒரே மாதிரி சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டது!

துரை வீட்டில் இன்னொருத்தரும் உண்டு. அமேஸான் மர போவா. மெலிந்த உடம்பு. ஒரே பிரசவத்தில் மஞ்சள், சிவப்பு, சாம்பல் என்று கலர் கலராகப் பிறக்கிற ஜாதி. மரகதம் ரிட்டையர்டு தாசில்தார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். இது புதுசாக ப்ரமோஷன் வந்த சூப்பர்வைஸர் மாதிரி, கிட்டே போனாலே சீறும்!

பாம்புக்கு ஒரு ஃப்ளாட்

"மரப் பாம்பாச்சே, பெட்டி நல்ல உயரமா இருக்கணுமோ?" என்று கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்களாம். ஆனால், சூடான காற்று மேலே போய்த் தங்கும். வெறும் உயரமாகக் கட்டினால் மேலே அடுப்பு, கீழே ஐஸ். துரையின் பெட்டி மூன்றடி நீளம், இரண்டடி ஆழம், இரண்டரை அடி உயரம். அகலவாக்கில் ஒரு பக்கம் இளஞ்சூடு, மறுபக்கம் குளுமை. எது வேண்டுமோ அங்கே அதுவே நகர்ந்துகொள்ளும்.

அடுத்து கொம்பு. மரப் பாம்புக்குக் கட்டில், மெத்தை, சாப்பாட்டு மேஜை எல்லாம் அதுதான். படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். பருமன், பாம்பின் உடம்புப் பருமன் அளவுக்கு. ரொம்ப ஒல்லியாக இருந்தால் பிடிப்பு சரிப்படாது. இரண்டு மூன்று உயரங்களில் வைத்திருக்கிறார். இதில் ஒரு சூட்சுமம். கொம்பு கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது, பாம்பை உருவி எடுக்காமல், கொம்போடு சேர்த்து அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம். பாம்புக்கும் நிம்மதி, துரையின் விரலுக்கும் நிம்மதி.

சூடு விஷயத்தில்தான் கணக்கு கறார். பகலில் சூடான பக்கம் 29, 30 டிகிரி செல்சியஸ். குளுமையான பக்கம் 25. ராத்திரி 22, 23 வரை இறங்கலாம். கூரையில் ஒரு வெப்பத் தகடு, அதைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். உள்ளே குண்டு பல்பை வெறுமனே மாட்டக் கூடாது. பாம்பு அதையும் கொம்பென்று நினைத்துச் சுற்றிக்கொண்டால் தோல் வெந்துவிடும்.

ஈரப்பதம் 60-லிருந்து 80 சதவிகிதம். சாயந்திரம் பூச்செடிக்கு அடிக்கிற மாதிரி தண்ணீர் தெளிப்பார். சுருண்ட உடம்பின் மேல் நிற்கிற துளிகளையே மரகதம் குடிக்கும். ஆனால், மறுநாள் மத்தியானத்துக்குள் பெட்டி உலர்ந்துவிட வேண்டும். எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் தோலில் புண், நுரையீரலில் சளி. தரைக்குக் காகிதம் போதும். எச்சம் போட்டால் உடனே தெரியும். கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி, முகத்தை மறைத்துக்கொள்ள நாலு பிளாஸ்டிக் இலைகள், காற்றோட்டத்துக்குத் துவாரங்கள். கடைசியாக, மறக்கவே கூடாத ஒன்று... பூட்டு!

சம்பளம் மாதிரி சாப்பாடு

வளர்ந்த மரகதத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒரு எலி. உயிரோடு அல்ல, உறைய வைத்து விற்கிறார்கள். அதை இளக்கி, லேசாகச் சூடேற்றி, நீளமான இடுக்கியில் பிடித்து, விளக்கணைத்த பிறகு நீட்டுகிறார். உதட்டோரம் வரிசையாகக் குழிகள் இருக்கின்றனவே, அவை சூட்டை உணர்கிற கருவிகள். கும்மிருட்டிலும் 'லபக்'!

"பாவம், இன்னும் ஒண்ணு குடுங்களேன்" என்றேன். நம்ம வழக்கம் அப்படி. துரை தலையாட்டி மறுத்தார். இதற்கு ஜீரணம் ஆமை வேகம். அதிகமாகவோ அடிக்கடியோ ஊட்டினால் வாந்தி எடுக்கும். ஒரு தடவை ஆரம்பித்தால் அதுவே தொடர்ந்து, உயிரைக்கூட வாங்கிவிடும். தின்றதை வெளியேற்றவே ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதுண்டாம். சாப்பிட்ட பிறகு ஒரு வாரம் தொடவே கூடாது. மற்ற நாட்களிலும் எடுத்துக் கொஞ்சுகிற ஜென்மம் இல்லை இது. பார்க்கலாம், ரசிக்கலாம், அவ்வளவுதான்.

அந்த பிப்ரவரி

2021 பிப்ரவரி. டெக்ஸாஸில் வரலாறு காணாத குளிர். ஹூஸ்டனிலேயே மைனஸ் 10 டிகிரி வரை போனது. மின்சார உற்பத்தி படுத்துவிட்டது. மாநிலம் முழுக்க 40 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருட்டில். 200 பேருக்கு மேல் இறந்துபோன பயங்கரம் அது.

எங்கள் பகுதியில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. துரை வீட்டில் சுத்தமாக இல்லை. ராத்திரி போன் பண்ணினார். குரல் நடுங்கியது. "நாங்க அஞ்சு பேர் உங்க வீட்டுக்கு வரலாமா?"

அவர், மனைவி, பத்து வயசுப் பையன். மூணுதானே? அப்புறம்தான் உறைத்தது. மிச்சம் இரண்டு பேருக்குக் கால் கிடையாது!

என் மனைவி பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறுகிறவள். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "என்னங்க சொல்றீங்க... பாம்பா? நம்ம வீட்டுக்குள்ளயா?" என்றாள். ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம், "அந்தப் பையன் குளிர்ல விறைச்சிடுவாங்க. வரச் சொல்லுங்க. பாம்பும் ஒரு உசிருதானே... ஆனா மூடியைத் திறந்தீங்க, நான் ஊருக்குப் போயிடுவேன்!" என்றாள்.

வந்தார்கள். ஆளுக்கொரு தலையணை உறைக்குள் பாம்புகள். ஒவ்வொன்றும் ஒரு தெர்மோகோல் பெட்டியில். பக்கத்தில் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில். கரண்ட் போன நேரமெல்லாம் கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டிலை மாற்றினோம். பெட்டிக்குள் பாட்டரி தெர்மாமீட்டர். துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகக் குளிர் நுரையீரலைத் தாக்கினால் மரப் பாம்பு மீள்வது சிரமம். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்படிக்குப் போனால், எனக்கு முன்னே என் மனைவி நின்று தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள்!

மூன்று நாள் இப்படி. துரை குடும்பத்துக்கு ரசம் சாதம் பழகிவிட்டது. பாம்புகளுக்கு மட்டும் பட்டினி. உடம்பு குளிர்ந்த பாம்புக்குச் சாப்பாடு போட்டால் ஜீரணமாகாதே. நாலு வாரம் கழித்து ஆபீஸில் என் மேஜைக்கு வந்தார் துரை. "நேத்து ராத்திரி சாப்பிட்டுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

நமக்கு இது சரிப்படுமா?

சென்னையிலிருந்து தம்பி முறையாகிற ஒரு பையன் சமீபத்தில் பேசினான். "அண்ணே, ஒருத்தர் பச்சைப் பாம்புக்குட்டி தர்றேங்கிறார். வெளிநாட்டு அயிட்டம். பேப்பர் கீப்பர் மட்டும் கேக்காதேங்கிறார். வாங்கட்டுமா?"

தம்பிமாரே, எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. மண்ணுளிப் பாம்பை 'இருதலை மணியன், வீட்டில் வைத்தால் லட்சம் லட்சமாகக் கொட்டும்' என்று விற்கிறானே ஒருத்தன், கொட்டுவது அவன் பையில். வாங்கினவனுக்குக் கம்பி. மர போவா உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற பிராணி. 2022-ல் வந்த சட்டத் திருத்தமும் 2024-ல் வந்த விதிகளும், இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தே தீர வேண்டும் என்கின்றன. பேப்பர் இல்லாத குட்டி எங்கிருந்து வரும்? பாங்காக் விமானத்தில் வந்திறங்குகிற பெட்டிகளில், துணிமணிக்கு நடுவே பாம்புக்குட்டிகளைச் சென்னைச் சுங்க அதிகாரிகள் எத்தனை தடவை பிடித்திருக்கிறார்கள்! அந்தப் பயணத்தில் செத்துப்போகிற ஜீவன்களும் உண்டு.

சட்டத்தை விடுங்கள். டெக்ஸாஸில் அபூர்வமாக வந்த அவஸ்தை, சென்னையில் வருஷா வருஷம் மே மாதம் தலைகீழாக வரும். வெளியே 40 டிகிரி, பாம்புக்குத் தேவை 30-க்குள். கரண்ட் போனால் ஐஸ் கட்டியோடு உட்கார யார் இருக்கிறீர்கள்? மரகதத்துக்கு ஆயுசு பதினைந்து வருஷம் தாண்டும். இன்றைக்குப் பிரம்மச்சாரியாக வாங்கினால், உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும்போதும் அது கொம்பில் தொங்கும்! பாம்பு பார்க்கும் ஆசைக்குக் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய், ஒரு மணி நேரம் ஆசை தீரப் பாருங்கள்.

ஹூஸ்டனில் துரையிடமும் இளவட்டங்கள் வந்து யோசனை கேட்பார்கள். அவர் விலை சொல்வதில்லை, கடை சொல்வதில்லை. ஒரே ஒரு பரீட்சை வைக்கிறார். "பெட்டியை மட்டும் தயார் பண்ணு. கொம்பு மாட்டு, சூடு செட் பண்ணு, தண்ணீர் தெளி. பாம்பு இல்லாமலே ஒரு மாசம், தினம் இரண்டு வேளை டெம்பரேச்சரைக் குறித்து எடுத்துக்கிட்டு வா."

இதுவரை எத்தனை பேர் நோட்டோடு திரும்பி வந்தார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தன் வந்தான். பேனா ரிப்பேர்னு சொல்லிட்டுப் போனான்!"